அம்மாவின் மருந்துச் சீட்டுகள்

கேள்வி:

எனக்கு 36 வயது. பிறந்து வளர்ந்தது குடியாத்தம், கட்டிக்கொடுத்தது ராணிப்பேட்டை. அப்பா லுங்கி நெய்பவர். அம்மா போன ஆடி மாதம் மாரடைப்பால் இறந்துவிட்டார். அவருக்கு வயது 60, சர்க்கரையும் இருந்தது. சிறு வயதிலிருந்து "உன் அம்மாவுக்கு நரம்பு வியாதி" என்று மட்டும்தான் எங்களிடம் சொன்னார்கள். காரியம் முடிந்து அவருடைய பெட்டியைத் திறந்தபோது, அடியில் ஒரு மஞ்சள் பை நிறைய மருந்துச் சீட்டுகள் இருந்தன. 2001-ஆம் ஆண்டு டிஸ்சார்ஜ் சீட்டில் "எஃப் 20.0" என்று போட்டிருக்கிறது. அது என்ன?

எனக்கு நினைவு இருப்பவை இவை. அம்மா சிரித்து நான் பார்த்தது அபூர்வம். இரவெல்லாம் கூடத்தில் நடந்துகொண்டே இருப்பார். தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்தால் கை நடுங்கி இழை அறுந்துவிடும், ஆயா திட்டுவார். நான் சாப்பிட உட்கார்ந்தால் என் தட்டிலிருந்து முதலில் அவர் இரண்டு வாய் தின்பார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "ம், தின்னு" என்பார். எச்சில் சோறு தின்கிறவள் என்று தெருப்பிள்ளைகள் கேலி செய்வார்கள். சில நாள் சமைத்ததையெல்லாம் கால்வாயில் கொட்டிவிடுவார், அன்றைக்குப் பட்டினிதான். ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று கத்தினார். "யார் அது?" என்று கேட்ட தோழியிடம், "எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பைத்தியம்" என்றேன். அதே ஆண்டு அப்பாவும் அம்மாவும் எங்களை ஆயாவிடம் விட்டுவிட்டு இரண்டு மாதம் எங்கோ போய்விட்டார்கள்.

"இவள் பிறந்த பிறகுதான் அவளுக்கு இப்படி ஆயிற்று" என்று உறவினர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அம்மா இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. இப்போது சீட்டுகளைக் கண்டதிலிருந்து தூக்கம் இல்லை. எனக்கோ, தம்பிக்கோ, என் எட்டு வயது மகளுக்கோ இது வருமா? வருஷத் திதிக்கு முன் பையை எரித்துவிடச் சொல்கிறார் அத்தை. என்ன செய்வது?

— பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றி, உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கி வெளியிடுகிறோம். நீங்கள் அனுப்பிய சீட்டுகளின் நகல்களை ஆண்டு வாரியாக அடுக்கிவைத்துப் படித்தேன். கடிதத்தையும் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நீங்கள் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த பல கேள்விகளுக்கு அவையே பதில் சொல்கின்றன.

எஃப் 20.0 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் ஒரு எண். பாரனாய்டு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது சந்தேகமும் அச்சமும் மேலோங்கிய மனச்சிதைவு நோயைக் குறிக்கும். "நரம்பு வியாதி" என்று வீட்டில் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இது மூளையின் நோய்தான். மீதிப் பாதியைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டார்கள்.

முதலில் உறவினர்கள் சொல்வதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைத்தான் நீங்கள் அதிக காலம் சுமந்திருக்கிறீர்கள். பையில் இருப்பதிலேயே பழைய சீட்டைப் பாருங்கள். மை மங்கிப்போயிருக்கிறது, ஆனால் ஆண்டு தெரிகிறது: 1985. மருந்து குளோர்புரோமசின். 1950-களில் வந்த இந்த மருந்தைத்தான் அந்தக் காலத்தில் இந்த நோய்க்குப் பரவலாகக் கொடுத்தார்கள். நோயாளியின் பெயருக்குக் கீழே இன்னாரின் மகள் என்று உங்கள் தாத்தாவின் பெயர் இருக்கிறது. மற்ற சீட்டுகள் எல்லாவற்றிலும் இன்னாரின் மனைவி என்று உங்கள் அப்பாவின் பெயர். நீங்கள் பிறந்தது 1988. ஆக, உங்களுக்கு மூன்று ஆண்டுகள் மூத்தது இந்த நோய். அம்மாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே வந்துவிட்டது.

பெண்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் இருபதுகளில், அல்லது முப்பதுகளின் தொடக்கத்தில் தலைகாட்டும். நம் ஊரில் அந்த வயதில்தான் கல்யாணம், பிரசவம் எல்லாம் நடக்கிறது. ஏற்கெனவே நோய் உள்ளவருக்குப் பிரசவத்தை ஒட்டி அது கூடுவதும் உண்டு. பார்க்கிறவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டு, பிறந்த குழந்தையின் ராசி என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பெண் குழந்தையாக இருந்துவிட்டால் தீர்ப்பு இன்னும் சுலபம். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிற பேச்சு இது. அடுத்த முறை யாராவது சொன்னால், "1985" என்று மட்டும் சொல்லுங்கள்.

இனி அந்தச் சோறு.

2001 டிஸ்சார்ஜ் சீட்டில், நோய் விவரத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. தமிழில் சொன்னால்: "பக்கத்து வீட்டார் உணவில் விஷம் கலப்பதாக மூன்று ஆண்டுகளாக உறுதியாக நம்புகிறார்." இந்த நம்பிக்கை நீங்களும் நானும் படுகிற சந்தேகம் போன்றது அல்ல. நெருப்பு சுடும் என்பதில் நமக்கு எவ்வளவு உறுதியோ, அவ்வளவு உறுதி. யார் எடுத்துச் சொன்னாலும் அசையாது. சொல்பவரும் கூட்டாளி என்றாகிவிடும்.

சோற்றில் விஷம் இருக்கிறது என்று அப்படி நம்பிய ஒருவர், பிள்ளையின் தட்டிலிருந்து இரண்டு வாய் அள்ளித் தன் வாயில் போட்டுக்கொள்கிறார். பிறகு சுவரைப் பார்த்தபடி காத்திருக்கிறார். எதற்காகக் காத்திருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். வயிறு எரிகிறதா, நெஞ்சை அடைக்கிறதா என்று பார்த்திருக்கிறார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான், "ம், தின்னு." தெருவில் எச்சில் சோறு என்று சிரித்தார்களே, அந்த வீட்டில் நடந்தது அதுதான்.

இதைச் சொல்வதால் அம்மாவைத் தியாகத் திருவுருவாக ஆக்கிப் படமாக மாட்டிவிட வேண்டாம். அதே நம்பிக்கைதான் சமைத்ததைக் கால்வாயில் கொட்டவும் வைத்தது. உங்களையும் தம்பியையும் பட்டினி போட்டதும் அதே அம்மாதான். பசித்த பிள்ளைக்குக் கோபம் வந்தது நியாயம். இப்போது காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக அந்தக் கோபத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. நோய் தெரிந்த பிறகு பலர் செய்வது இரண்டில் ஒன்று: "எல்லாமே நோய்தான், அம்மா பாவம்" என்பார்கள், அல்லது "நோய் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார்கள்" என்பார்கள். அம்மா என்று ஒருவர் இருந்தார், அவர் மேல் ஒரு நோய் இருந்தது, அந்த நோய்க்குச் சாப்பிட்ட மருந்து என்று மூன்றாவது ஒன்றும் இருந்தது. உங்கள் நினைவுகளில் இந்த மூன்றும் கலந்து கிடக்கின்றன.

மருந்தின் பங்கைப் பிரிப்பது எனக்குச் சுலபம். 1991 முதல் 1998 வரையுள்ள சீட்டுகளில் ஹாலோபெரிடால் இருக்கிறது. நல்ல மருந்து, காதில் கேட்கும் குரல்களையும் விஷ பயத்தையும் அடக்கும். ஆனால் அளவு கூடினால் உடல் விறைக்கும், கை நடுங்கும், முகத் தசைகள் இறுகி உணர்ச்சி தெரியாமல் போகும். உள்ளே மகிழ்ச்சி இருந்தாலும் முகத்துக்கு வராது. இன்னொரு தொல்லை, கால்கள் ஒரு நிலையில் நிற்கவிடாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், படுத்தால் நடக்கத் தோன்றும். பார்ப்பவர்கள் நோய் முற்றிவிட்டது என்று நினைப்பார்கள். கூடத்தில் இரவெல்லாம் நடந்தது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். அதே சீட்டுகளில் கூடவே டிரைஹெக்ஸிபெனிடில் என்றொரு மாத்திரை எழுதியிருப்பதைப் பாருங்கள். விறைப்பையும் நடுக்கத்தையும் குறைப்பதற்காகத் தரப்படுவது அது. மருத்துவர் அவற்றைக் கவனித்திருக்கிறார், அல்லது முன்கூட்டியே தடுக்க நினைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

சிரிப்பு குறைவதற்கு மருந்து மட்டும் காரணம் அல்ல. முகபாவம் மங்குவது, பேச்சு குறைவது, எதிலும் ஆர்வம் இல்லாமல் போவது எல்லாம் இந்த நோயின் அறிகுறிகளும்தான். பார்க்கிறவர்கள் அவற்றைச் சோம்பல் என்றும் பாசம் இல்லாமை என்றும் எடுத்துக்கொள்வார்கள். ஆயா திட்டிய அந்தக் கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தார் சுற்ற விரல் நுனியில் எவ்வளவு நிதானம் வேண்டும் என்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹாலோபெரிடால் சாப்பிடும் கையோடு உங்கள் அம்மா ராட்டையின் முன் மறுபடி மறுபடி உட்கார்ந்திருக்கிறார். இதில் நோயையும் மருந்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது அவருடைய சுபாவம்.

1998 மார்ச்சுக்கும் 2001 ஆகஸ்டுக்கும் இடையில் பையில் ஒரு சீட்டுகூட இல்லை. சோறும், கால்வாயும், பள்ளிக்கூட வாசலும் இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. மருந்து நின்றிருக்கிறது. ஏன் நின்றது? அந்த நாட்களில் அம்மாவைச் சோளிங்கர் நரசிம்மர் கோயிலுக்குக் கூட்டிப்போனதாகவும், தக்கான் குளத்தில் முழுக்குப் போடவைத்து மலை ஏற்றியதாகவும், நீங்களும் கூடப் போனதாகவும் கடிதத்தில் இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் மனநலம் குன்றியவர்களைச் சோளிங்கருக்குக் கூட்டிப்போவது தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். நானும் அந்த மலை ஏறுகிறவன்தான். விறைத்த கால்களோடு 1305 படிகள் ஏறிய ஒரு பெண்ணின் நம்பிக்கையையோ, அவரைக் கைபிடித்து ஏற்றிய கணவரின் நம்பிக்கையையோ குறை சொல்ல எனக்கு மனம் வராது. கோயிலால் கெடுதல் வருவதில்லை. "மாத்திரையை நிறுத்தினால்தான் சாமி இறங்கும்" என்று பக்கத்தில் நின்று யாராவது சொல்வார்களே, அதனால்தான் கெடுதல். மருந்தை நிறுத்தியவுடன் ஒன்றும் ஆகாது. சில வாரம், சில மாதம் நன்றாகவே இருப்பார்கள், நடுக்கம் போய் முகம்கூடத் தெளியும். நிறுத்தியதால்தான் குணமானது என்று எல்லோரும் நம்பிவிட்ட பிறகு நோய் திரும்பும்.

இப்போது அப்பா. "எல்லாவற்றையும் மூடி மறைத்த கோழை" என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மாதத்தை மறுபடி பாருங்கள். 2001 ஆகஸ்ட் கடைசியில் அனுமதி, அக்டோபர் கடைசியில் டிஸ்சார்ஜ், இடம் பாகாயம். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-ல் பாகாயத்தில் தொடங்கியபோதே, நோயாளியுடன் குடும்பத்தார் ஒருவர் தங்கியிருந்து பார்த்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்கவைத்தார். மனநோயாளியைத் தனியாகப் பூட்டிவைப்பதே வழக்கமாக இருந்த உலகத்தில் இது பெரிய மாற்றம். அப்பா உங்களை விட்டு ஓடிப்போகவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் தங்கியிருந்திருக்கிறார். அந்த இரண்டு மாதமும் குடியாத்தத்தில் தறி ஓடவில்லை, கூலி இல்லை.

இன்னொரு தேதியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு மனைவியையும் மகனையும் மருத்துவமனைக்குக் கூட்டிவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவும் அவர்களில் ஒருவரா என்பதை அவர்தான் சொல்லவேண்டும். கேளுங்கள். "ஏன் மறைத்தீர்கள்?" என்று தொடங்கினால் அவர் வாயை மூடிக்கொள்வார். ஒரே ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு போய், "அப்பா, இந்தத் தேதியில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். 1985 சீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்து அந்தக் கல்யாணம் நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. இந்த வயதில் அதைத் தூக்கி அவர் முன்னால் போடுவதற்கு முன் நிதானம் வேண்டும்.

அவர் மறைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. வீட்டில் ஒருவருக்குத் தீவிர மனநோய் இருக்கும்போது பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லக்கூடாது என்பது நம் குடும்பங்களில் எழுதாத சட்டம். எங்கள் தொழிலில் இருப்பவர்களும் அதற்குத் துணைபோகிறோம். மாத்திரையை வேளைக்கு எடுத்துக்கொடுக்கும் பொறுப்பைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுப்போம், அது எதற்கான மாத்திரை என்று அந்தப் பிள்ளையை உட்காரவைத்துச் சொல்ல மாட்டோம். சொல்லாவிட்டால் பிள்ளை தானாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும், அது பெரும்பாலும் "என்னால்தான்" என்பதாக இருக்கும்.

பள்ளிக்கூட வாசலில் நீங்கள் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க அம்மா இல்லையே என்று நீங்கள் தவிப்பது புரிகிறது. அப்போது உங்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. தெருவே கேலி செய்கிறது, வீட்டில் யாரும் விளக்கம் சொல்லவில்லை, தப்பிக்க ஒரு பொய் சொன்னீர்கள். உங்கள் மகளுக்கு இப்போது எட்டு வயது. இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் அவள் அந்த வயதுக்கு வருவாள். அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னால் எவ்வளவு தண்டனை கொடுப்பீர்களோ, அதற்கு மேல் உங்களுக்கும் வேண்டாம்.

இறந்தபோது அழுகை வராததும் ஆறுதல் தோன்றியதும் எங்களுக்குப் பழக்கமான செய்திதான். நீண்ட காலம் நோயாளியோடு வாழ்ந்த குடும்பங்களில் துக்கம் தவணை முறையில் முன்பே செலவாகியிருக்கும். மீதி பிறகு வரும், சில சமயம் ஒரு மருந்துச் சீட்டைப் பார்த்தவுடன்.

மாத்திரைகள்தான் இதயத்தைக் கெடுத்தனவா என்ற சந்தேகம் உங்கள் தம்பிக்கு இருக்கிறது. 2004-க்குப் பிறகு அம்மா சாப்பிட்ட ஒலான்சபின் என்ற மருந்து எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடியது என்பது உண்மை. இது போன்ற தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறப்பதாக உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அவர்களில் பலருடைய சாவுக்குக் காரணம் இதய நோய், சர்க்கரை போன்ற உடல் நோய்கள்தான். நெஞ்சு வலிக்கிறது என்று மனநோயாளி சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை என்பதும் அந்தக் கணக்கில் சேரும். அதே மாத்திரைகள் இல்லாமல் இருந்த மூன்று ஆண்டுகள் எப்படி இருந்தன என்று உங்களுக்கே தெரியும். 2004-க்குப் பிறகு அம்மா உங்கள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களை அந்த மருந்துதான் கொடுத்தது.

வருமா என்ற கேள்விக்குக் கணக்காகவே சொல்கிறேன். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு இந்த நோய் வரலாம். தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பத்துக்கு ஒருவர் என்று பாடநூல்கள் சொல்லும். மீதி ஒன்பது பேருக்கு வருவதில்லை. பேரப்பிள்ளைகள் என்றால் நூற்றுக்கு ஐந்து பேருக்குள். உங்களுக்கு 36 ஆகிவிட்டது, வரும் வயதின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டீர்கள். ஆண்களுக்குப் பதின்பருவத்தின் இறுதியும் இருபதுகளும்தான் முக்கியமான காலம்; 28 வயதுத் தம்பிக்கும் அபாயம் குறைந்துகொண்டுதான் வருகிறது. கஞ்சா மட்டும் கூடவே கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இந்த நோய்க்கு வாய்ப்பு உள்ளவர்களுக்கு அது நேரடியான ஆபத்து. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயமும் ஒதுங்கி இருக்கும் போக்கும் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் காட்டவேண்டும். அவருக்கு வரன் பார்க்கும்போது சொல்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மணமக்களின் மனநலத்தைத்தான் பார்க்கிறது, பெற்றோரின் மனநலத்தை அல்ல. என் சொந்த அபிப்பிராயம், சொல்லிவிட்டுக் கட்டுவது நல்லது. மறைத்துக் கட்டினால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று உங்கள் குடும்பத்துக்கே தெரியும்.

மகளிடம் இப்போதே சொல்லலாம். "ஆயாவுக்கு மூளையில் ஒரு நோய் இருந்தது. அதனால் பயப்பட வேண்டாத விஷயத்துக்கெல்லாம் பயம் வரும். மாத்திரை சாப்பிட்டார், சில நாள் நன்றாக இருந்தார், சில நாள் முடியவில்லை. அது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. யார் செய்த தப்பாலும் வந்ததில்லை." இவ்வளவு போதும். அவள் மேலே கேட்டால் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பையை எரிக்க வேண்டாம். திதிக்கு வரும் உறவினர் எல்லோருக்கும் அதைப் பிரித்துக் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. தேதி வாரியாக அடுக்கி உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து அம்மாவுக்கு ஒத்துக்கொண்டது, எது கையை நடுங்கவைத்தது என்ற விவரம் பின்னாளில் குடும்பத்தில் யாருக்காவது சிகிச்சை தேவைப்பட்டால் மருத்துவருக்கு உதவும்.

கடைசியாக உங்கள் தூக்கம். இரண்டு மாதமாக மூன்று மணிக்கு விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியவில்லை, பசியும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது அம்மாவின் நோய் உங்களுக்கு வருவதற்கான அறிகுறி அல்ல. மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சையில் குணமாகும். கடிதத்தில் தீர்க்கக்கூடியதும் அல்ல. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு காலைப் பொழுதில் போங்கள். அதற்கு முன்பே யாரிடமாவது பேசத் தோன்றினால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மருத்துவமனையில் உட்காரவைத்து, "குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா?" என்று கேட்பார்கள். "அம்மாவுக்கு, 1985 முதல்" என்று சொல்லுங்கள்.